வழி காத்தோர்

மக்கள் நடக்கும் வரையில்தான் பாதை பாதையாக இருக்கும். நடப்பது நின்றால் ஓரிரு தலைமுறைக்குள் அதனைப் புல் மூடிவிடும். நடப்போர் உளராயினும் அது மட்டும் போதாது. ஆறு குறுக்கிட்டால் பாலம் வேண்டும். இருள் சூழ்ந்தால் தங்கிடம் வேண்டும். நோயுற்றால் மருந்து வேண்டும். வழி இரண்டாகப் பிரியுமிடத்தில் செல்ல வேண்டிய திசையைக் காட்டும் குறி வேண்டும். ஆதலால் நெடுங்காலம் நிலைத்து நிற்கும் எந்த வழியும் இருவகை மக்களால் நிலைபெறுகின்றது. ஒரு வகையினர் அதில் நடந்தோர். மற்றொரு வகையினர் அதனைக் காத்தோர். நடந்தோரைப் பற்றிப் பலரும் பேசுவர். காத்தோரின் பெயர்கள் பெரும்பாலும் மறைந்துபோகின்றன. ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் சந்தியாகோ வழி இவ்வுண்மைக்குச் சிறந்த சான்றாகும். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வழியில் ஒரே ஒரு நாள் நடந்து செல்பவரும் இதனைக் கண்கூடாகக் காணலாம்.

வழியின் தோற்றம்

இயேசு பெருமானின் பன்னிரு சீடருள் யாக்கோபு என்பவர் ஒருவர். செபதேயு என்னும் மீனவரின் மைந்தர், யோவானின் உடன்பிறந்தார். இவரை ஸ்பானிய மக்கள் சந்தியாகோ என்பர். தமிழகத்துக் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என்று வழங்குவர். இவர் எருசலேமில் ஏரோது அகிரிப்பா மன்னனால் வாளுக்கு இரையானார் என்று விவிலியம் கூறுகின்றது. இவருடைய சீடர்கள் இவர் உடலைப் படகில் ஏற்றி, ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலுள்ள கலீசியா நாட்டிற்குக் கொண்டுசென்று அடக்கம் செய்தனர் என்பது வழிவழி வந்த நம்பிக்கை.

9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நாட்டில் பழைய கல்லறை ஒன்று காணப்பட்டது. அது சந்தியாகோவின் கல்லறையே என்று தெயோதொமிரோ என்னும் ஆயர் அறிவித்தார். அரசர் இரண்டாம் அல்போன்சோ அவ்விடத்தில் ஓர் ஆலயம் எழுப்பினார். ஆலயத்தைச் சுற்றி வளர்ந்த நகரமே சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா. கல்லறையைப் பற்றி வரலாற்றறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் மக்களின் நம்பிக்கை அந்நகரத்திற்கு ஒரு பெருவழியைப் படைத்துவிட்டது என்பதில் ஐயமில்லை. எருசலேம், உரோமை ஆகிய இரு திருநகரங்களுக்கு அடுத்தபடியாக இந்நகரத்தை நோக்கி ஐரோப்பாவின் பல நாட்டு மக்களும் நடந்தனர். அவர்கள் நடந்த வழிகள் பல. அவற்றுள் பிரான்சு நாட்டிலிருந்து பிரனீசு மலையைக் கடந்து வரும் வழி தலைசிறந்தது. மலையடிவாரத்திலிருந்து கொம்போஸ்தெலா வரை அதன் நீளம் ஏறக்குறைய 780 கிலோமீட்டர்.

12ஆம் நூற்றாண்டில் இலத்தீன் மொழியில் எழுதப்பட்ட ஒரு நூல், இவ்வழியில் நடப்போர்க்குக் கைவிளக்காக அமைந்தது. எந்த ஊரில் தங்கலாம், எந்த ஆற்று நீரைப் பருகலாம், எந்த ஆற்று நீர் கேடு தரும் என்பவற்றை எல்லாம் அந்நூலின் இறுதிப் பகுதி எடுத்துரைக்கின்றது. அப்பகுதியில் மிகச் சிறிய இயல் ஒன்று உண்டு. பழுதுற்ற வழியையும் இடிந்த பாலத்தையும் செப்பனிட்ட சிலருடைய பெயர்கள் அதில் குறிக்கப்பட்டுள்ளன. அந்திரேயா, பேதுரு, ஸ்தேவான் என்பன போன்ற எளிய பெயர்கள் அவை. அரசர் பெயரும் ஆயர் பெயரும் காலத்தைக் காட்டுதற்கே அங்கு வருகின்றன. போற்றப்படுவோர் வழியமைத்த தொழிலாளரே. வழிகாட்டி நூலொன்று வழி காத்தோரை மறவாமல் போற்றியது வியத்தற்குரியது.

முன்னாள் மாலை

மலையடிவாரத்தில் நடக்கத் தொடங்கிய யாத்திரிகர், இரண்டு வாரங்களுக்கு மேல் நடந்து 300 கிலோமீட்டருக்கு அப்பால் காஸ்திரோஹெரிஸ் என்னும் சிற்றூரை அடைவர். கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் காஸ்தில்லிய மேட்டுநிலத்தில் உள்ளது அவ்வூர். அதனை அடைதற்குச் சற்று முன்னர், சாலையின் குறுக்கே உயர்ந்த கல்வளைவு ஒன்று நிற்கும். இடிந்து கூரையிழந்த பெரிய கட்டடத்தின் எஞ்சிய பகுதி அது. அதன் பெயர் சான் அந்தோன். இன்றும் யாத்திரிகர் அவ்வளைவின் கீழ்ப் புகுந்தே செல்கின்றனர்.

இடைக்காலத்தில் 'புனித அந்தோணியார் நெருப்பு' என்னும் கொடிய நோய் ஐரோப்பாவில் பரவியிருந்தது. நோயுற்றவரின் கைகால்கள் நெருப்பிலிட்டாற்போல எரியும். பின்னர்க் கறுத்து அழுகி விழும். அந்நோயாளரைப் பேணுவதற்கென்றே துறவியர் சபை ஒன்று தோன்றியது. 12ஆம் நூற்றாண்டில் அச்சபையினர் இங்கே ஓர் அறவிடுதி நிறுவினர். நோயாளர்க்கு நல்ல கோதுமை அப்பமும் திராட்சை இரசமும் அளித்து, புண்களைக் கழுவி, மருந்திட்டனர். பலர் நலம் பெற்றனர். காரணம் அக்காலத்தில் எவர்க்கும் தெரியாது. ரை என்னும் தானியத்தின் கதிரில் பற்றும் ஒருவகைப் பூஞ்சையின் நஞ்சே அந்நோய்க்குக் காரணம் என்பதைப் பிற்கால அறிவியல் கண்டறிந்தது. நஞ்சு கலந்த ரை அப்பத்தை விடுத்துத் தூய கோதுமை அப்பத்தை உண்டதே நோயாளர்க்கு மருந்தாயிற்று.

வளைவின் பக்கச் சுவரில் இரு மாடங்கள் உள்ளன. இருட்டிய பின் வந்து சேரும் யாத்திரிகர்க்காகத் துறவியர் அம்மாடங்களில் அப்பம் வைப்பது வழக்கம் என்பர். கதவடைத்த பின்னர் வருபவனும் பசியோடு படுத்தல் ஆகாது என்பது அவர்தம் கருத்து. வருபவன் யார், எந்நாட்டினன், தகுதியுடையவனா என்ற வினாக்கள் அம்மாடத்தின் முன் எழுவதில்லை. மருத்துவமனைக்கு வழங்கும் ஆஸ்பத்திரி என்னும் சொல், விருந்தினனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. அச்சொல்லின் பழம்பொருளை விளக்க இம்மாடங்களினும் சிறந்த உரை வேறில்லை.

புலர்காலைப் புறப்பாடு

காஸ்திரோஹெரிஸ் ஒரு குன்றின் அடியில், வழியை ஒட்டி நீண்டு கிடக்கும் ஊர். குன்றின் உச்சியில் இடிந்த கோட்டை ஒன்று நிற்கின்றது. இங்கிருந்து பிரோமிஸ்தா என்னும் ஊர் வரை உள்ள தொலைவு ஏறக்குறைய 25 கிலோமீட்டர். இதுவே ஒருநாள் நடை.

வேனிற்காலத்தில் யாத்திரிகர் கதிரவன் எழுமுன்னரே புறப்பட்டுவிடுவர். முதுகில் ஒரு பை, கையில் ஊன்றுகோல், பையின் புறத்தே தொங்கும் சிப்பி ஓடு. இச்சிப்பி கலீசியக் கடற்கரையில் கிடைப்பது. இடைக்கால யாத்திரிகர் தாம் கொம்போஸ்தெலா சென்று மீண்டதற்கு அடையாளமாக அதனை அணிந்தனர். இக்காலத்தார் புறப்படும்போதே அணிந்துகொள்கின்றனர். பையினுள் மடித்த அட்டை ஒன்று இருக்கும். தங்கும் இடந்தோறும் அதில் முத்திரை பெறல் வேண்டும். நடந்து வந்தமைக்கு அதுவே சான்று.

ஊரைக் கடந்ததும் வழி ஒரு சிற்றாற்றைத் தாண்டி, மொஸ்தெலாரஸ் என்னும் மேட்டின்மீது ஏறுகின்றது. ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 12 மீட்டர் உயரும் செங்குத்தான ஏற்றம் அது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் அவ்வாறே ஏற வேண்டும். சுமை தோளை அழுத்தும், மூச்சு வாங்கும், பேசிக்கொண்டு வந்தோர் வாயடங்குவர். இளைஞர் விரைந்து ஏறி இடையில் களைத்து அமர்வர். வயது முதிர்ந்தோர் ஒரே நிதானத்தில் அடிமேல் அடி வைத்து அவர்களைக் கடந்து செல்வர். நெடுவழிக்கு விரைவினும் நிதானமே துணை என்பதை இம்மேடு காட்டுகின்றது.

உச்சியை அடைந்தோர் திரும்பி நோக்கினால், கடந்து வந்த ஊரும் கோட்டையும் இளஞ்சூரியனின் ஒளியில் சிறுத்துத் தோன்றும். முன்னே நோக்கினால் கண்ணுக்கெட்டிய தொலைவும் கோதுமை வயல்களே. வசந்தத்தில் அவை பசுங்கடல்; இடையிடையே செந்நிறக் கசகசாப் பூக்கள் காற்றில் ஆடும். ஆனித் திங்களில் அவை பொற்கடல். அறுவடைக்குப் பின்னரோ வெறுந்தாள்களும் வெடித்த மண்ணுமே எஞ்சும். வயல்களின் நடுவே வழி ஒரு வெண்ணிறக் கயிறுபோலக் கிடந்து தொடுவானத்தில் மறையும். இந்நாடு செல்வ வளமும் உணவு வளமும் மிக்கது. ஆயினும் மரம் அரிது என்று 12ஆம் நூற்றாண்டு நூல் குறிப்பிடுகின்றது. அது இன்றும் பெரும்பாலும் பொருந்தும்.

கால் கழுவும் விடுதி

மேட்டிலிருந்து இறங்கிச் சில கிலோமீட்டர் நடந்தால் வழியோரத்தில் ஓர் ஊற்று உண்டு. அதற்குப் 'பேன் ஊற்று' என்று பெயர். அங்கு நீர் நிரப்பிக்கொண்டு சிறிது நேரம் நிழலில் இளைப்பாறிய பின் நடையைத் தொடர்ந்தால், ஊரெதுவும் இல்லாத வெளியில் தனித்து நிற்கும் கற்கட்டடம் ஒன்று கண்ணிற்படும். அதுவே சான் நிக்கோலாஸ் விடுதி.

இடைக்காலத்தில் இது யாத்திரிகரின் அறவிடுதியாகவும் ஆலயமாகவும் விளங்கியது. பின்னர்ப் பாழடைந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலி நாட்டைச் சார்ந்த யாத்திரிகர் சங்கம் ஒன்று இதனைப் புதுப்பித்தது. நீண்ட ஒரே கூடம், ஒருபுறம் பலிபீடம், நடுவே நீண்ட உணவுமேசை, மறுபுறம் சில படுக்கைகள். கூடத்தில் மின்விளக்கு இல்லை. மாலையில் மெழுகுவர்த்தியின் ஒளியே. தங்குவதற்கு இவ்வளவு பணம் என்று எவரும் கேட்பதில்லை. இயன்றதைக் கொடுப்போர் கொடுக்கலாம்.

மாலையில் உணவிற்கு முன் யாத்திரிகர் அனைவரும் பலிபீடத்தைச் சூழ்ந்து அமர்வர். விடுதியைப் பேணும் தொண்டர், கலத்தில் நீர் கொணர்ந்து மண்டியிட்டு, ஒவ்வொருவருடைய பாதத்தையும் கழுவித் துணியால் துடைத்து முத்தமிடுவார். இயேசு பெருமான் தம் இறுதி இரவுணவின்போது சீடர்களின் பாதங்களைக் கழுவினார் அல்லவா? அச்செயலின் நினைவாகவே இது செய்யப்படுகின்றது. கழுவப்படும் கால் யாருடையது என்பதில் வேறுபாடு இல்லை. பேராசிரியரின் காலும் கூலியாளின் காலும், நம்பிக்கையுடையோன் காலும் நம்பிக்கையில்லாதோன் காலும் அந்நீரில் ஒன்றே. பல நாள் நடந்து கொப்புளம் கண்ட பாதத்தை முன்பின் அறியாத ஒருவர் தம் கையில் ஏந்தும்போது, நாணித் தலைகுனிவோர் உண்டு. கண்ணீர் உகுப்போரும் உண்டு. கொடுப்பது எளிது, பிறர் தொண்டைப் பணிவோடு ஏற்பது அரிது.

இத்தகைய விடுதிகளில் பணிபுரியும் தொண்டர் பலர் ஊதியம் பெறாதவர். முன்னர்த் தாமே இவ்வழியில் நடந்து, பிறரிடம் சோறும் நீரும் பெற்று, அந்நன்றியை மறவாதவர். கொடுத்தவரைத் தேடிச்சென்று கைம்மாறு செய்ய இயலாது. அவர் எங்கோ ஓர் ஊரினர். ஆதலால் தாம் பெற்றதைப் பின்வரும் அயலார்க்கு அளிக்கின்றனர். தம் விடுமுறையில் இரண்டு வாரம் வந்து தங்கி, விடியலில் தரை துடைத்து, மாலையில் உணவு சமைத்து, இரவில் புண்பட்ட பாதங்களுக்கு மருந்திடுகின்றனர்.

பாலமும் தூணும்

விடுதியை அடுத்துப் பிசுவேர்கா ஆறு ஓடுகின்றது. அதன் மீது பதினொரு வளைவுகளை உடைய கற்பாலம் கிடக்கின்றது. பண்டு இவ்வாறு காஸ்தில், லெயோன் ஆகிய இரு நாடுகளுக்கும் எல்லையாய் இருந்தது. 11ஆம் நூற்றாண்டில் இரு நாடுகளையும் ஆண்ட ஆறாம் அல்போன்சோ இவ்விடத்தில் பாலம் அமைப்பித்தார் என்பர். பருகத்தக்க நல்ல நீரை உடைய ஆறுகளின் வரிசையில் இவ்வாற்றையும் 12ஆம் நூற்றாண்டு நூல் சேர்த்துள்ளது. இரு நாட்டைப் பிரித்த ஆறு, பாலத்தால் இரு கரையையும் இணைக்கும் வழியாயிற்று.

இவ்வழியில் பாலம் அமைத்தல் பெரும் புண்ணியமாகக் கருதப்பட்டது. 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தொமிங்கோ என்னும் துறவி, தம் வாழ்நாள் முழுவதையும் காடு வெட்டிச் சாலை போடுவதிலும் ஆற்றிற்குப் பாலம் கட்டுவதிலும் செலவிட்டு 1109ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் பணி செய்த இடத்தில் எழுந்த ஊர், 'சாலை அமைத்த புனித தொமிங்கோ' என்னும் பொருள்பட அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அவ்வூரைக் காஸ்திரோஹெரிஸை அடைவதற்குச் சில நாள் முன்னரே யாத்திரிகர் கடந்து வந்திருப்பர்.

பாலத்தைக் கடந்து இத்தேரோ தெ லா வேகா என்னும் ஊரை அடைந்தால், பகற்பொழுதின் கடினமான பகுதி தொடங்குகின்றது. அடுத்த ஊராகிய போவதில்யா தெல் கமினோ ஏறக்குறைய 8 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. இடையில் வீடில்லை, கடையில்லை, நிழல் தரும் மரமும் அரிது. கோடையில் வெயில் தலைமேல் எரியும். மழைக்காலத்திலோ களிமண் காலணியில் அப்பிக்கொண்டு ஒவ்வோர் அடியையும் பாரமாக்கும். நீரை அளவறிந்து பருகாதவர் இங்கே அல்லலுறுவர். இவ்வெளியில் உடன் நடப்போரின் நீர்க்குடுவை பொதுவுடைமை ஆகிவிடும். மொழி தெரியாத இருவர், ஒருவர் குடுவையை மற்றவரிடம் நீட்டி, 'புவென் கமினோ' என்று வாழ்த்திப் பிரிவர். 'நல்வழி ஆகுக' என்பது அதன் பொருள்.

மரமும் கல்லும் அரிய நாடாதலின், இங்குள்ள பழைய வீடுகள் வைக்கோல் கலந்த மண்ணைப் பிசைந்து வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கல்லால் ஆயவை. ஊர்ப்புறத்தே அதே மண்ணால் கட்டிய புறாக்கூண்டுகள் காணப்படும். போவதில்யாவின் நடுவில், ஆலயத்தின் அருகே, நுண்ணிய சிற்பவேலை அமைந்த கற்றூண் ஒன்று உயர்ந்து நிற்கின்றது. 15ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. குற்றவாளிகளை விசாரித்துத் தண்டிக்கும் உரிமை இவ்வூர்க்கு உண்டு என்பதற்கு இத்தூண் அடையாளம். குற்றவாளிகளை ஊரார் காண இதில் கட்டிவைப்பதும் உண்டு. தூணின் மீதும் யாத்திரிகரின் சிப்பி வடிவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. நீதி வழங்கும் தூணிலும் வழிநடப்போரின் சின்னம் இடம்பெற்றிருத்தல் நோக்கத்தக்கது.

நீர்வழியும் நிலவழியும்

போவதில்யாவிலிருந்து பிரோமிஸ்தா 6 கிலோமீட்டர். இப்பகுதியில் வழி ஒரு கால்வாயின் கரையிலேயே செல்கின்றது. பகல் முழுவதும் வறண்ட வெளியில் நடந்தவர்க்கு ஓடும் நீரும் கரையோர மரங்களும் பெரும் ஆறுதல் அளிக்கும். இது காஸ்தில் கால்வாய் எனப்படும். இந்நாட்டுக் கோதுமையைப் படகுகளில் ஏற்றி வடகடல் துறைமுகத்திற்கு அனுப்ப வேண்டும் என்னும் நோக்கத்துடன் 1753ஆம் ஆண்டில் இதனை வெட்டத் தொடங்கினர். போராலும் பொருள் முடையாலும் பணி பலமுறை தடைப்பட்டது. 1849ஆம் ஆண்டில் பணி நின்றபோது கால்வாயின் நீளம் 207 கிலோமீட்டர். ஆயினும் அது கடலை அடையவில்லை. சில ஆண்டுகளில் இருப்புப்பாதை வந்தது. கோதுமை இரயிலில் ஏறிற்று. 1959ஆம் ஆண்டில் சரக்குப் படகுப் போக்குவரத்து அறவே நின்றது. இப்போது இக்கால்வாய் வயல்களுக்கு நீர் பாய்ச்சுகின்றது.

கோவேறு கழுதைகள் கரையில் நடந்து கயிற்றால் படகை இழுத்துச் சென்ற பாதையிலேயே இன்று யாத்திரிகர் நடக்கின்றனர். பிரோமிஸ்தாவின் வாயிலில் கால்வாய் நான்கு படிகளாக இறங்குகின்றது. படிதோறும் கல்லாலான தொட்டியும் கதவுகளும் உண்டு. படகு தொட்டிக்குள் புகுந்ததும் கதவை அடைத்து நீரை வடித்தால், நீருடன் படகும் மெல்லத் தாழ்ந்து அடுத்த படிக்குச் செல்லும். அக்காலப் பொறியியல் அறிவிற்கு இது நற்சான்று. பெரும்பொருள் செலவிட்டு அரசு அமைத்த நீர்வழி 110 ஆண்டுகளில் படகுகளை இழந்தது. எளிய மக்களின் அடிச்சுவடுகளால் அமைந்த நிலவழியோ ஆயிரம் ஆண்டு கடந்தும் நிற்கின்றது.

பிரோமிஸ்தாவில் நடையின் முடிவாக அமைவது சான் மர்த்தீன் ஆலயம். நவார நாட்டு அரசர் மூன்றாம் சாஞ்சோவின் மனைவியாகிய மயோர் என்னும் அரசி, கைம்மை நிலையில் இதனை எழுப்பத் தொடங்கினார். 1066ஆம் ஆண்டில் அவர் எழுதிய உயிலில் இவ்வாலயம் குறிக்கப்பட்டுள்ளது. எண்கோண வடிவக் கோபுரமும், இருபுறமும் வட்டத் தூபிகளும், செம்மையாகச் செதுக்கிய கற்களுமாக இது காண்போர் மனத்தைக் கவரும். கூரையின் கீழ் விளிம்பைச் சுற்றி 300-க்கு மேற்பட்ட சிறு கற்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் விலங்குகள், பறவைகள், மனித முகங்கள், இசைக்கருவி வாசிப்போர் எனப் பல்வேறு உருவங்கள் உள்ளன. அவற்றைச் செதுக்கிய சிற்பியரின் பெயர் ஒன்றும் கிடைத்திலது.

மஞ்சள் அம்பு

இத்துணைச் சிறப்புடைய வழியும் ஒரு காலத்தில் மறையும் நிலையை அடைந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கிறித்தவ சமயத்தில் பிளவு ஏற்பட்டது, போர்களும் கொள்ளைநோய்களும் மிகுந்தன, யாத்திரிகர் குறைந்தனர். 19ஆம் நூற்றாண்டில் அறவிடுதிகள் பல பாழாயின. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உழுபொறிகள் வயலுக்கு வந்தமையால் வேலையிழந்த சிற்றூர் மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். வழியின் பல பகுதிகள் உழுநிலமாயின. சில பகுதிகளைத் தார்ச்சாலை விழுங்கிற்று. வந்த சிலரும் வழி தெரியாது திகைத்தனர்.

அந்நிலையில் கலீசிய மலைமேலுள்ள செப்ரேரோ என்னும் குக்கிராமத்தின் பங்குக்குருவாக இருந்தவர் எலியாஸ் வலிஞ்ஞா சம்பெத்ரோ. இவ்வழியின் வரலாற்றையே ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். நூலில் ஆராய்ந்ததோடு அவர் நின்றுவிடவில்லை. 1984ஆம் ஆண்டில் தம் சிறிய காரில் மஞ்சள் வண்ணக் கலங்களை ஏற்றிக்கொண்டு பிரனீசு மலையிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். சாலைப்பணியில் எஞ்சிய வண்ணம் அது என்பர். மரத்திலும் பாறையிலும் சுவரிலும் கம்பத்திலும், வழி பிரியும் இடந்தோறும் மஞ்சள் அம்பு ஒன்றை வரைந்தார். அவர் செயலைக் கண்டு ஐயுற்ற காவலர், 'என்ன செய்கின்றீர்?' என்று வினவினராம். பெரியதொரு படையெடுப்பிற்கு ஏற்பாடு செய்வதாக அவர் நகைத்து விடையளித்தார் என்று ஒரு செய்தி வழங்குகின்றது.

அவர் கூற்று மெய்யாயிற்று. 1986ஆம் ஆண்டில் கொம்போஸ்தெலாவில் யாத்திரைச் சான்றிதழ் பெற்றவர் தொகை மிகச் சிறிது. 1987ஆம் ஆண்டில் ஐரோப்பிய மன்றம் இவ்வழியை ஐரோப்பாவின் முதற் பண்பாட்டு வழியாக அறிவித்தது. 1993ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. 2019ஆம் ஆண்டில் எல்லா வழிகளிலும் வந்து சான்றிதழ் பெற்றோர் தொகை 3,47,000-ஐக் கடந்தது. 2024ஆம் ஆண்டில் அது 5 இலட்சத்தை நெருங்கியது. வலிஞ்ஞா அடிகள் இப்பெருக்கைக் காண இருந்திலர். 1989ஆம் ஆண்டிலேயே காலமானார். அவர் வரைந்த அம்போ அழியவில்லை. வெயிலில் மங்கும்போதெல்லாம் எவரேனும் ஒருவர் தூரிகை கொண்டு அதனைப் புதுப்பிக்கின்றார்.

பெருக்கத்தால் புதிய இடர்களும் தோன்றியுள்ளன. சான்றிதழ் பெறக் கடைசி 100 கிலோமீட்டர் நடந்தாலே போதும் என்பதால் அப்பகுதியில் கூட்டம் நெருக்குகின்றது. சிலர் வழியை விளையாட்டுக் களமாகக் கருதிப் படுக்கைக்காக ஓடுகின்றனர். ஆயினும் போவதில்யா போன்ற சிற்றூர்களுக்கு யாத்திரிகர் வருகையே வாழ்வாக உள்ளது. இளைஞர் பலர் வெளியேறிய பின்னும் ஓர் உணவுக்கடையும் ஒரு விடுதியும் அங்கே நிலைத்திருப்பது நடந்து வருவோரால்தான். ஊர் வழியைக் காத்த காலம் போய், வழி ஊரைக் காக்கும் காலம் வந்துள்ளது.

காஸ்திரோஹெரிஸிலிருந்து பிரோமிஸ்தா வரை ஒரு நாளில் நடப்பவன், தன் கால்களின் வலிமையால் அத்தொலைவைக் கடந்ததாக எண்ணலாம். எண்ணிப் பார்ப்பானாயின், அவன் கால் வைத்த இடமெல்லாம் பிறர் கை பட்ட இடம் என்பது புலனாகும். மாடத்தில் அப்பம் வைத்த துறவி, பாலத்திற்குக் கல் சுமந்த கூலியாள், பாதம் கழுவிய தொண்டர், அம்பு வரைந்த குரு ஆகியோர் அவனுக்கு முன்னரே அவ்வழியில் இருந்தனர். அவர்களுக்கு அவன் நேரே நன்றி செலுத்துதல் இயலாது. பின்னால் வருபவனுக்குக் குடுவையிலுள்ள நீரைப் பகிர்ந்தளித்தும், மங்கிய அம்பொன்றைப் புதுப்பித்தும் அக்கடனைத் தீர்க்கலாம். அவ்வாறு தீர்ப்போர் உள்ளவரை வழியும் இருக்கும்.